ஆகஸ்ட் 31 வரைக்கும்தான் லீவு

கேள்வி, 9 மே 2025

ஆபீஸ் முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுவதற்கு கேம் சொல்லுங்கள். துப்பாக்கி வேண்டாம், பந்தயம் வேண்டாம். வெயில், ஆறு, மரத்தடி, கிராமம், இவ்வளவு போதும். ஸ்டார்டியூ வேலி வாங்கினேன். இரண்டே வாரத்தில் அது எனக்கு இரண்டாவது ஆபீஸ் ஆகிவிட்டது. மெதுவான கேம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா? ஒன்றும் நடக்காவிட்டால் அது கேமே இல்லை என்கிறான் என் ரூம்மேட்.

10 மே, இரவு 11.40

இருக்கிறது. நீங்கள் தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஸ்டார்டியூ நல்ல கேம். எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்து 2016-ல் வெளியிட்டார். ஆனால் அது விவசாயம். விவசாயம் எந்தக் காலத்தில் மெதுவாக இருந்தது? தண்ணீர் பாய்ச்சணும், அறுக்கணும், விற்கணும், அந்தக் காசில் மறுபடி விதை வாங்கணும். என் தாத்தா பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். அவர் ஓய்வாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் தேடுவது லீவு. லீவுக்கு என்றே ஜப்பானில் ஒரு தொடர் இருக்கிறது, போக்கு நோ நட்சுயாசுமி. ‘என் கோடை விடுமுறை’ என்று அர்த்தம். இயக்கியவர் காஸ் அயாபே, செய்தது அவருடைய மில்லெனியம் கிச்சன், வெளியிட்டது சோனி. முதல் ஆட்டம் 2000-ல் வந்தது. பிளேஸ்டேஷன் 2-க்கான இரண்டாவது ஆட்டம் 2002-ல். அப்புறம் 2007-லும் 2009-லும் இன்னும் இரண்டு. நான்கில் ஒன்றைக்கூட சோனி ஜப்பானுக்கு வெளியே விற்கவில்லை.

கதை என்று பெரிதாகக் கிடையாது. 1975 ஆகஸ்ட். ஒன்பது வயதுப் பையன். முதல் ஆட்டத்தில் அம்மா நிறைமாதம், அதனால் அவனை மலையடிவாரத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். இரண்டாவது ஆட்டத்தில் கடலோர ஊர். மூன்றாவது ஹொக்கைடோவில். நான்காவது மட்டும் பத்து வருடம் தள்ளி 1985-ல், சேத்தோ உள்நாட்டுக் கடல் பக்கம். பையன் பூச்சி பிடிப்பான், மீன் பிடிப்பான், சாப்பிடுவான், தூங்குவான். நாற்பது நாள் லீவு முடிந்ததும் வீட்டுக்குத் திரும்புவான்.

உங்கள் ரூம்மேட்டுக்கு நாளைக்குப் பதில் எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

11 மே, காலை

திருத்தம். நாற்பது நாள் இல்லை, 31 நாள். ஜப்பான் பள்ளிகளில் கோடை விடுமுறை ஜூலை 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை போகும், அது கிட்டத்தட்ட நாற்பது நாள்தான். ஆனால் ஆட்டத்தில் வருவது ஆகஸ்ட் மாதம் மட்டும். தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் குழப்பிவிட்டேன்.

11 மே, மாலை

ரூம்மேட்டுக்கு.

ஸ்டார்டியூவில் காலை ஆறு மணிக்கு எழுந்தால் ராத்திரி இரண்டு மணிக்குள் படுத்தாக வேண்டும். அந்த ஒரு நாள் நம் கடிகாரத்தில் இருபது நிமிஷம் இருக்கும். நீங்கள் சும்மா நின்றாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். மரத்தடியில் நின்று பாட்டுக் கேட்டால் பயிர் வளராது.

நான் ஆடுவது போக்கு 2. அதில் நேரம் நகர்வது நாம் நகர்ந்தால்தான். ஒவ்வொரு இடமும் ஒரு ஓவியம் மாதிரி. கேமரா அசையாது. பாலம் ஒரு படம், கோயில் படிக்கட்டு ஒரு படம், கடற்கரை ஒரு படம். ஒரு படத்தை விட்டு அடுத்த படத்துக்குப் போகும்போது கடிகாரம் கொஞ்சம் தள்ளிப்போகும். ஒரே படத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் சூரியன் அதே இடத்தில் இருக்கும். முதல் நாள் இது எனக்குப் பிடிபடவில்லை. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து செட்டிங்ஸ் எல்லாம் தேடினேன். அப்புறம் பையனைப் பாலத்தில் நிறுத்திவிட்டு டீ போட்டுக்கொண்டு வந்தேன். பையன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வெயில் அசையவில்லை. எனக்காக அப்படிக் காத்திருந்த கேம் அதற்கு முன்னால் ஒன்றும் கிடையாது.

ஒன்றும் நடக்கவில்லை என்று ரூம்மேட் சொல்வது இதைத்தான் என்றால், ஆமாம், ஒன்றும் நடக்கவில்லை. டீ நன்றாக இருந்தது.

12 மே

ஸ்டார்டியூ நாளுக்கு இருபது நிமிஷம் என்று எழுதியதற்கு இரண்டு பேர் அடிக்க வந்துவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரி. அங்கே பத்து நிமிஷம் என்பது நமக்கு 7 விநாடி. மொத்தம் 20 மணி நேரம், கணக்குப் போட்டால் 14 நிமிஷம் வருகிறது. ஆக என் வாதம் இன்னும் பலமாகிவிட்டது, நன்றி.

அனிமல் கிராசிங் என்ற தீவு வாழ்க்கை கேமைச் சொன்னவருக்கு: அதில் கடிகாரம் நம் நிஜக் கடிகாரம். 2020-ல் ஊரடங்கில் ஊரே அதை ஆடியது. நான் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்காரும்போது ராத்திரி 11. அங்கே கடை 10 மணிக்கே சாத்திவிடுவார்கள். நிஜத்தில் பால் வாங்க முடியவில்லை, கேமிலும் டர்னிப் கிழங்கு விற்க முடியவில்லை.

14 மே

எப்படி ஆடுவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு. முதலில் ஜப்பானிய மொழியில்தான் ஆடினேன், அதாவது படம் பார்த்தேன். நகோயாவில் வேலை பார்த்த நண்பன் 2017-ல் பழைய கடையில் டிஸ்க் வாங்கி வந்து கொடுத்தான். ‘போக்கு’ என்பது பையன் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நண்பன்தான் சிரித்தான். அது ‘நான்’. ஜப்பானில் நான் என்று சொல்ல ஏகப்பட்ட சொற்கள். சின்னப் பையன்கள் தன்னைச் சொல்வது போக்கு. பையனுக்குப் பெயரே அதுதான். நமக்கு இருப்பது ஒரே ‘நான்’. பாட்டியும் அதைத்தான் சொல்கிறாள், பேரனும் அதைத்தான் சொல்கிறான். தமிழில் பெயர் வைத்தால் அந்தச் சின்னப் பையன் காணாமல் போய்விடுவான்.

2023-ல் ரசிகர்கள் போக்கு 2-ஐ ஆங்கிலமாக்கினார்கள். அதன்பிறகுதான் சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று புரிந்தது. புரிந்ததும் கொஞ்சம் கனமாகிவிட்டது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

அந்த நண்பன் வீட்டில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். குளியலறையில் கைகழுவும் சோப்பு பாட்டில், மேலே ஒரு குடும்பத்தின் படம். எல்லோருக்கும் உருண்டைத் தலை, புள்ளிக் கண். அட, நம்ம பையன் என்றேன். வரைந்தது அதே கை, உயேதா மினேகோ. கிரேய் கிரேய் சோப்பு பாட்டிலிலும் அவர் படம்தான், இந்தத் தொடரின் ஆட்களும் அவர் வரைந்தவர்கள்தான். பின்னணியில் ஒவ்வொரு இலையாக வரைந்த காடு, அதற்கு நடுவே சோப்பு பாட்டில் பையன் வலையோடு ஓடுகிறான். கேட்க ஒட்டாதது போலிருக்கும். பத்து நிமிஷத்தில் பழகிவிடும்.

17 மே

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். நான் ஆடும்போது பின்னால் உட்கார்ந்து பூ கட்டுகிறார். இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

ஜப்பானில் கோடைக்குக் குரல் கொடுப்பது சிள்வண்டு. ஒரு வகை இல்லை, பல வகை. கேமில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். பகலில் ஒரு வகை ‘மீன் மீன் மீன்’ என்று கத்தும். மின்மின்செமி என்றே அதற்குப் பெயர். ஹெட்போனைக் கழற்றியிருந்தேன். அம்மா பூவை வைத்துவிட்டு எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டார். “மீன்காரன் கூவுற மாதிரி கேட்டுச்சே” என்றார்.

இன்னொன்றின் பெயர் அபுராசெமி. அபுரா என்றால் எண்ணெய். எண்ணெய் பொரிகிற மாதிரி சத்தம் என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். அதுவும் சரிதான், அப்பளம் போட்டதும் வருமே, அந்தச் சத்தம். நல்லவேளை, அதற்கு அம்மா அடுப்படிக்கு ஓடவில்லை.

சாயங்காலம் ஆனால் ஹிகுராஷி. ‘கனகனகன’ என்று இறங்கு குரலில், யாரோ தூரத்தில் சின்ன மணி ஆட்டுவது போல. அது கேட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அர்த்தம். திரையில் மணி எத்தனை என்று பார்க்கவே தேவையில்லை.

18 மே

அம்மா தொடர்ச்சி.

பையன் ஓக் மரத்தில் ஊறும் பாலைத் தேடிப் போவான். அங்கே கபுத்தோமுஷி வரும். கபுத்தோ என்றால் தலைக்கவசம். முன்னால் பெரிய கொம்பு உள்ள வண்டு. ஜப்பானில் பையன்களுக்கு அதன் மேல் உயிர். கடைகளில் விற்பார்கள், வீட்டில் வளர்ப்பார்கள். கேமில் நான் ஒன்றைப் பிடித்ததும் கை தட்டினேன்.

அம்மா கிட்டே வந்து பார்த்தார். “இது காண்டாமிருக வண்டுல்ல? இதைப் பிடிச்சு வளர்க்குறானா? கொல்லுடா அதை.”

எங்கள் தோப்பில் இதன் சொந்தக்காரன்தான் எதிரி. தென்னங்குருத்தைக் குடைந்து உள்ளே போய்விடும். மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டினது போல விசிறி விசிறியாக இருக்கும். தாத்தா கொக்கிக் கம்பியோடு மரம் ஏறச் சொல்வார், குருத்துக்குள் விட்டு வண்டைக் குத்தி இழுப்பார்கள். ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் பானையில் தோப்புக்குள் வைப்பார்கள், அந்த நாற்றத்துக்கு வந்து விழும். அது வேறு இனம், ஜப்பானுடையது வேறு இனம், இது மரப்பால் குடிக்கிற சாது என்று விளக்கிப் பார்த்தேன். “எல்லாம் ஒண்ணுதான், மூஞ்சியப் பாரு” என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் அரைமணி நேரம் பொன்வண்டை தீப்பெட்டிக்குள் போட்டுக் கொடுக்காப்புளி இலை வைத்து வளர்த்த கதையைச் சொன்னார். அப்போ அது மட்டும் பாவம் இல்லையா என்றேன். பதில் வரவில்லை.

21 மே

சாப்பாட்டு மேசை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

‘மனசுக்கு இதமான கேம்’ என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொன்னேன். ஆங்கிலத்தில் படித்தபிறகு அந்த வார்த்தை மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. கதை சொல்கிற குரல் வளர்ந்த ஆளுடையது. பெரியவனான பையன் பின்னோக்கிப் பார்த்துப் பேசுகிறான். 1975-ல் ஒன்பது வயது என்றால், முதல் ஆட்டம் வந்த 2000-ல் அவனுக்கு 34. அதாவது கடைக்குப் போய் அதை வாங்கின ஆட்களின் வயது. குழந்தைகளுக்குச் செய்தது போல இருந்தாலும், வேலைக்குப் போய் வீடு திரும்பிய ஆளுக்காகச் செய்தது. உங்களைப் போல, என்னைப் போல.

அதனால் பெரியவர்கள் பேசுவதில் பாதி பையனுக்குப் புரியாது. ஆடுகிற நமக்குப் புரியும். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை, அக்கா வயதுப் பெண் ஏன் கடலைப் பார்த்து நிற்கிறாள், இதெல்லாம் பையனுக்குப் பூச்சியை விடச் சின்ன விஷயம். அவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். நமக்குத்தான் அந்த இடத்தை விட்டு நகர மனசு வராது. நேரமும் நகராது.

இன்னொன்றும் உறுத்துகிறது. சமையலறையில் எப்போது போனாலும் அத்தை நிற்கிறாள். 31 நாளும். அவளுக்கு எங்கே லீவு? அம்மாதான் முதலில் கவனித்தார். “இவ உக்காரவே மாட்டாளா?”

22 மே

நேற்று எழுதியதைப் படித்தால் நான் அந்தக் கேமைத் திட்டியது போல இருக்கிறது. திட்டவில்லை. இரண்டு முறை முடித்திருக்கிறேன், இப்போது மூன்றாவது. இன்றைக்கு ஆகஸ்ட் 23-ல் இருக்கிறேன்.

முதலில் சொன்னதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். நிற்கும் கடிகாரம் ஒன்றினால் மட்டும் அது மெதுவாகிவிடவில்லை. ராத்திரி படுக்கைக்குப் போகுமுன் பையன் படம் வரைந்து நாட்குறிப்பு எழுதுவான். அன்றைக்கு என்ன நடந்ததோ அது. பெரிய மீன் பிடித்தால் மீன். ஒன்றும் பிடிக்காத நாளில் பார்த்த ஏதோ ஒன்று. ஸ்டார்டியூவில் படுக்கப் போனால் இன்றைக்கு எத்தனை காசு என்று கணக்கு வரும். இங்கே கிரேயான் படம் வரும். சும்மா சுற்றின நாளுக்கும் ஒரு பக்கம் உண்டு, அதை யாரும் குறை சொல்வதில்லை.

கடைசி வாரம் மட்டும் இதம் கிடையாது. சுக்குத்சுக்குபோஷி என்று இன்னொரு சிள்வண்டு உண்டு. கோடை முடியப்போகும்போது அதன் குரல்தான் ஓங்கி நிற்கும். அது கேட்க ஆரம்பித்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயிற்றில் ஒன்று உருளுமே, அது உருளும்.

24 மே

ஆகஸ்ட் 32 பற்றிக் கேட்டவருக்கு: உண்மைதான், கட்டுக்கதை இல்லை. போக்கு 2-ல் ஒரு பிழை இருக்கிறது, அதைத் தூண்டிவிட்டால் 31-க்குப் பிறகும் மாதம் முடியாது. நாட்காட்டி 32, 33 என்று போகும். வீட்டில் ஆட்கள் காணாமல் போவார்கள், பையன் உருவம் பாதி அழியும், நாட்குறிப்பில் எழுத்தெல்லாம் குப்பையாகும். ஜப்பான் இணையத்தில் இது பேய்க்கதை அளவுக்குப் பிரபலம்.

லீவு முடியவே கூடாது என்று வேண்டாத பையன் உண்டா? வேண்டுதல் பலித்தால் இப்படித்தான் இருக்கும் போல. நான் முயற்சி செய்யவில்லை. எனக்கு ராத்திரி தூங்க வேண்டியிருக்கிறது.

26 மே

அக்கா மகன் வந்திருக்கிறான். ஒன்பது வயது! போக்குவின் வயது. நிஜக் குழந்தையை வைத்துச் சோதித்துப் பார்க்க இதைவிட வாய்ப்பு வராது.

முதலில் ஷின்சான் கேமைப் போட்டுக் கொடுத்தேன். அதுவும் அயாபே செய்ததுதான். ஜப்பானில் 2021-ல் வந்தது, அடுத்த வருடம் ஆங்கிலத்தில். இந்தத் தொடரின் தம்பி என்றே சொல்லலாம், அதே படம் படமான ஊர், அதே வலை, அதே தூண்டில். ஏழு நாள் விடுமுறை, ஆனால் அந்த ஏழு நாள் திரும்பத் திரும்ப வரும். நடுவில் ஒரு பேராசிரியர் டைனோசர்களை விட்டுவிடுவார். குமமோத்தோவில் நடக்கிறது, ஷின்சானின் அம்மா ஊர்ப் பக்கம். அப்புறம் 2024-ல் நிலக்கரி ஊர் என்று இன்னொன்று வந்தது, அது அக்கிதாவில், அப்பாவின் ஊர்ப் பக்கம். அயாபே அதை இயக்கவில்லை. ஒரு லீவுக்கு அம்மா ஊர், இன்னொரு லீவுக்கு அப்பா ஊர். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

மருமகன் ஐந்து நிமிஷம் ஆடினான். முகம் சுருங்கியது.

“மாமா, இவனுக்கு என்ன ஆச்சு?”

“என்னடா ஆச்சு?”

“தமிழ் மறந்துட்டானா?”

டிவியில் ஷின்சான் தமிழ் பேசித்தான் அவனுக்குப் பழக்கம். ஜப்பானியக் குரலைக் கேட்டதும் யாரோ ஷின்சான் வேஷம் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டான்.

27 மே

நட்சுமோன் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சுருக்கமாக. அயாபேயின் புதியது, ஜப்பானில் 2023, வெளியே 2024 ஆகஸ்ட். நடப்பது 1999 ஆகஸ்டில், பையன் ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ்காரர்களின் பிள்ளை. இங்கே படம் படமாக இல்லை, முழு ஊரும் திறந்து கிடக்கிறது. சுவர், மரம், கோபுரம், எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஏறினேன், நன்றாக இருந்தது, உச்சியிலிருந்து ஊர் முழுக்கத் தெரிந்தது. ஆனால் கேமரா என் கையில் வந்ததும் நான் எதையும் பார்ப்பதை விட்டுவிட்டேன். எங்கே ஏறலாம் என்று மட்டும் தேடினேன். போக்குவில் யாரோ ஒருவர் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று எனக்காக முடிவு செய்து வைத்திருந்தார். அது எனக்குத் தேவையாக இருந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது.

கேள்வி கேட்டவருக்கு: கடையில் சுலபமாகக் கிடைப்பதும் இதுவும் ஷின்சானும்தான். என் முணுமுணுப்பைப் பொருட்படுத்த வேண்டாம், வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமை அசுரர்கள் கேமைச் சொன்னவருக்கு நன்றி, அதை மறந்தே போனேன். அதுவும் அயாபே செய்ததுதான். 2013, நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்-ல். 1971, டோக்கியோவின் ஓரம், சலவைக் கடைக்காரர் வீட்டுப் பையன், மொத்தக் கதையும் ஒரே நாள். அதில் சீட்டு விளையாட்டில் ஜெயித்தவன் மந்திரம் சொல்வான், தோற்றவன் தரையில் விழ வேண்டும். யாரும் தள்ளுவதில்லை, மந்திரத்தை மதித்து அவனே விழுவான். இவ்வளவு சரியாகப் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கருவிக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். இனி புதிதாக வாங்க வழியில்லை.

29 மே

மருமகனிடம் போக்கு 2-ஐக் கொடுத்தேன். பெருமையாக, “இதில் சண்டையே கிடையாது, சும்மா சுற்றலாம்” என்றேன்.

அரைமணி நேரத்தில் வண்டு மல்யுத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

நான் அதைப் பற்றி இங்கே எழுதவே இல்லை, பாருங்கள். ஊர்ப் பையன்களோடு வண்டுகளை மோதவிடும் விளையாட்டு ஒன்று உள்ளே இருக்கிறது. கொம்பால் நெம்பித் தள்ளும். நான் அதை ஓரத்தில் கிடக்கும் சில்லறை விஷயம் என்று விட்டிருந்தேன். அவனுக்கு அதுதான் கேம். பெரியவர்கள் பேச்சையெல்லாம் பட்டனை அழுத்தி அழுத்தித் தாண்டுகிறான். கடலைப் பார்த்து நிற்கும் அக்காவைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறான். சிள்வண்டு கேட்கவில்லை, வெயில் தெரியவில்லை. மரம், வண்டு, சண்டை, தூக்கம். மறுநாள் மறுபடி மரம். பிடித்ததிலேயே பெரியதற்கு ‘மொட்டை பாஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறான். கேமில் இல்லை, வாயால்.

“கொல்லுடா” என்று சொன்ன அம்மா பக்கத்தில் உட்கார்ந்து “விடாத, தள்ளு, தள்ளு” என்கிறார்.

அடிதடி இல்லாத கேம் என்று நான் எழுதினால் இனி நம்பாதீர்கள்.

30 மே

ராத்திரி யோசித்தது. அவன் ஆடுவதுதான் போக்கு ஆடுகிற முறை. ஒன்பது வயதுப் பையன் வெயிலை ரசித்துக்கொண்டு பாலத்தில் நிற்க மாட்டான். நான் அங்கே டீயோடு நின்றேன் என்றால் எனக்கு 36 வயது என்று அர்த்தம்.

சரி, அதற்காக டீயை விட முடியுமா?

2 ஜூன்

பள்ளி திறந்துவிட்டது. நேற்று அக்கா வந்து அவனைக் கூட்டிப் போய்விட்டாள். அம்மாவும் அவர்களோடு கிளம்பிவிட்டார். வீடு அமைதி. ஆகஸ்ட் 23-லிருந்து கடைசி வாரத்தைத் தொடங்கலாம் என்று சாயங்காலம் உட்கார்ந்தேன்.

இரண்டு வரி முன்னால் எழுதியிருக்க வேண்டியது: நாட்குறிப்பு எழுதும்போதுதான் சேவ் ஆகும். அவன் எழுதியிருக்கிறான். என்னுடையதன் மேலேயே.

ஆகஸ்ட் 9. பெட்டியில் மொட்டை பாஸ் இருக்கிறது. மீன் ஒன்றுகூட இல்லை. நாட்குறிப்பைப் புரட்டினேன், வண்டு, வண்டு, வண்டு, நடுவில் ஒரு நாள் சாப்பாடு, மறுபடி வண்டு.

போனில் கூப்பிட்டுக் கத்தலாம் என்று எடுத்தேன். எடுத்ததும் அவனே கேட்டான், “மாமா, மொட்டை பாஸ் இன்னும் தோக்கலல்ல?”

“தோக்கலடா.”

“நீ சண்டைக்கு விடாத. நான் லீவுக்கு வந்து பாத்துக்கறேன்.”

காலாண்டு லீவு செப்டம்பரில்.

3 ஜூன்

புதிதாகத் தொடங்கச் சொல்கிறீர்கள் எல்லோரும். தொடங்கவில்லை, அவன் விட்ட இடத்திலிருந்து ஆடுகிறேன். 22 நாள் மிச்சம் இருக்கிறது. இந்த முறை மீன் பக்கம் போகிறேன்.

கேள்வி கேட்டவர் ஷின்சானை வாங்கிவிட்டாராம். ரூம்மேட் அதைப் பிடுங்கி ஆடுகிறாராம். டைனோசர் வரும் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று கோபமாம்.

5 ஜூன்

ஆகஸ்ட் 12. ஊர்ப் பையன் வந்து வம்புக்கு இழுத்தான், மறுக்க மனசு வரவில்லை. தோற்றுவிட்டது. மருமகனிடம் இன்னும் சொல்லவில்லை.